இடப்பக்கமாக ஒரு சுற்று

நான் ஒரு விசரன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லும் சிரமம் மிச்சம். தாய் சி என்ற சீனத்துப் பயிற்சியை லண்டனில் பல வருடம் பழகியவன் நான். அது மூச்சை அடக்கும், படபடப்பை அடக்கும், பிரஷரைக்கூட ஓரளவுக்கு அடக்கும் என்றார்கள். எல்லாம் உண்மைதான். என் வாயை மட்டும் அது அடக்கவில்லை. ஒற்றைக் காலில் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டும் ஒரு மனிதன் முட்டாள்தனமாகப் பேசலாம் என்று நிரூபித்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் எனக்கு இரவு ஷிப்ட். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே இருந்து சிகரெட்டும் சொக்லேற்றும் விற்பேன். விற்காத சொக்லேற்றை நானே தின்பேன். அப்படி வளர்ந்த வயிற்று வண்டியையும், அதோடு சேர்ந்து வளர்ந்த பிரஷரையும் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டினேன். அவர் மதுரைப் பக்கத்து ஆள்.

“நடக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“ஓம் டொக்டர். கவுண்டரிலிருந்து பிஸ்கட் தட்டு வரைக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். “மனோர் பார்க்ல கவுன்சில் ஒரு தாய் சி கிளாஸ் நடத்துது. சனிக்கிழமை காலைல. போய்ப் பாருங்க. அதுக்காக மாத்திரைய விட்டுடாதீங்க, ரெண்டும் வேணும்.”

உடம்பைத் திருத்தத்தான் போனேன் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் முதல் நாளே என்னைப் பிடித்துவைத்தது அந்தப் பழைய தேவாலய மண்டபத்தின் ரேடியேட்டர். எங்கள் வீட்டு ரேடியேட்டரைவிட அது நன்றாகச் சுட்டது. இடைவேளையில் தேநீரும் தந்தார்கள்.

வகுப்பு எடுத்தவர் பினாங்கிலிருந்து வந்த ஒரு சீனப் பெண்மணி. கிழமை நாட்களில் ஆஸ்பத்திரி நர்ஸ். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், ஆனால் படியில் ஏறினால் பூனை ஏறுவதுபோல் சத்தம் வராது. எங்களைவிடக் கூடுதலாக “ஐயோ” சொல்லுவார். மற்றப்படி அவருக்குத் தமிழ் தெரியாது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்குக் கொண்டாட்டம். வகுப்பில் ஏழெட்டுத் தமிழர், மிச்சம் வெள்ளைக்காரக் கிழவிகள். ஆசிரியை ஆங்கிலத்தில் ஒன்று சொல்ல, நான் தமிழில் அதற்கு ஒரு வால் ஒட்டுவேன்.

“வெள்ளைக் கொக்கு சிறகை விரிக்கிறது” என்பார் அவர், கைகளை மெல்ல உயர்த்தியபடி.

“கறிக்குக் காணாது, மெலிஞ்ச கொக்கு” என்பேன் நான்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணை எனக்குப் பின்னால் நிற்பார். நான் வாயைத் திறக்க முதலே சிரிக்கத் தொடங்குவார். அப்படி ஒரு ஆள் பின்னால் நின்றால் எந்த மனிதனும் கெட்டுப்போவான்.

இந்த வகுப்புக்கு மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். மச்சாள் என்றால் என் தாய்மாமன் மகள், என்னைவிடப் பத்து வயது மூப்பு. மகளோடும் மருமகனோடும் மனோர் பார்க்கில் இருந்தா. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தையே கண்ணால் அடக்கிய தலைமையாசிரியை. எங்கள் வழக்கத்தில் மச்சாளைப் பகிடி பண்ணுவதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, அது முறையோடு வருவது. நான் அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை. அவவும் கோபிப்பதில்லை. உதட்டின் ஒரு மூலையை மட்டும் சற்று அசைப்பா. அந்த மூலை அசைந்தால் எனக்கு அன்றைக்குப் பரிசு கிடைத்த மாதிரி.

லண்டனுக்கு வந்த வருடம் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டா. கை பொருந்திவிட்டது. கால்தான் பயந்துவிட்டது. வீட்டுக்குள்ளே சுவரைப் பிடித்து நடந்தா. வகுப்பைப் பற்றி நான் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

“உதாலை கால் உறுதியாகுமோ?”

“ஆகும் எண்டுதான் சொல்லுகினம் மச்சாள். எனக்கு வண்டிதான் உறுதியாகியிருக்கு.”

“எனக்குக் கால் வேணும். ஆர்ச்வே மேட்டை ஒருத்தற்றை கையும் பிடியாமல் ஏற வேணும்.”

ஆர்ச்வே நிலையத்திலிருந்து முருகன் கோயிலுக்குப் போகும் அந்த மேட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது முழங்காலைப் பார்த்துச் சிரிக்கும் மேடு. மருமகன் காரில் கோயில் வாசலிலேயே இறக்கிவிடத் தயாராக இருந்தார். மச்சாளுக்கு அது காணாது. அவ வைத்த நேர்த்தி, நிலையத்திலிருந்து தன் காலால் ஏறிப் போவது. எதற்காக அந்த நேர்த்தி என்று எங்கள் சொந்தத்தில் தெரியாத ஆள் இல்லை. ஊரில், சண்டை நாட்களில், அவவின் மூத்த மகன் ஒருநாள் காலையில் சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, உடலும் இல்லை, சைக்கிளும் இல்லை. வருடங்கள் போய்விட்டன. அந்தியேட்டிச் சடங்காவது செய்துவிடு, அவன் ஆத்மா அலையாமல் இருக்கட்டும் என்று சகோதரங்கள் கனடாவிலிருந்தெல்லாம் போன் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். “இருக்கிற பிள்ளைக்கு அந்தியேட்டி செய்யிறேல்லை” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவா. வீட்டு ரீவிக்கு மேலே மற்றப் பிள்ளைகளின் படங்களோடு அவனுடைய படமும் இருக்கும். மாலை போடாமல்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஏனென்றால் நான் மறந்தேன்.

வகுப்பில் முதல் மாதம் மச்சாள் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றா. தாய் சியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு, ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல, சிந்தாமல் மாற்றுவதுதான் வேலை. பாரம் உள்ளதை நிறைகால் என்றும் மற்றதை வெறுங்கால் என்றும் ஆசிரியை சொல்லுவார். வெறுங்கால்தான் அடி எடுத்துவைக்கலாம். நிறைகாலைத் தூக்க நினைத்தால் விழுவாய். நாங்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து நிறைகாலைத் தூக்கித் தூக்கித்தான் நடந்துவந்திருக்கிறோம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மெல்ல மெல்லக் கதிரை தேவைப்படாமல் போனது. ஒருநாள் மச்சாளின் மகள் என்னிடம், “சித்தப்பா, அம்மா நிண்டபடி சொக்ஸ் போடுறா” என்று, அம்மா பட்டம் வாங்கிய மாதிரிச் சொன்னாள். எனக்கும் நல்ல குணம் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் படுத்தவுடன் நித்திரை வந்தது. முதுகடியில் நாரி நோவு குறைந்தது. பிரஷர் கொஞ்சம் இறங்கியதாக டொக்டர் சொன்னார். மாத்திரையோ, கொக்கோ, எது இறக்கியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. சீனி வருத்தம் மாறும், முடி முளைக்கும் என்றெல்லாம் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விழாமல் நிற்கப் பழக்கும். எங்கள் வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

வகுப்பு தொடங்கும்போது மண்டபத்தைச் சுற்றி எல்லாரும் வட்டமாக மெல்ல நடப்போம். குதி, பாதம், விரல் என்று ஒவ்வொன்றாக வைத்து, பாரத்தை மாற்றி, அடுத்த அடி. பல வாரமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம், ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை அது என் கண்ணில் பட்டது. நாங்கள் சுற்றுவது இடப்பக்கமாக.

கோயிலில் நாங்கள் வலமாகச் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது செத்தவீட்டில். ஆளை நடுவில் கிடத்தி, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு. நல்ல பகிடி ஒன்று வாய்க்குள்ளே தானாக வந்து நிற்கும்போது அதை விழுங்குவதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும். எனக்கு அது இல்லை. குரலைச் சற்று உயர்த்தி எல்லாத் தமிழருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“அண்ணை, இடமாச் சுத்துறமே, கவனிச்சியளோ? குடத்துக்கு என்ரை வண்டி இருக்கு, கொள்ளிக்கு ரேடியேட்டர் இருக்கு. நடுவிலை கிடத்துறதுக்குத்தான் ஆளைக் காணேல்லை.”

கடைக்கார அண்ணை சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பை வெள்ளைக்காரக் கிழவிகளும் தொற்றிக்கொண்டார்கள், என்னவென்று தெரியாமலே. நான் பழக்க தோஷத்தில் மச்சாளின் உதட்டு மூலையைத் தேடினேன்.

மச்சாள் நின்றுவிட்டா. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, நடை பாதியில் நின்றபடியே. பின்னால் வந்த கிழவி அவவின் முதுகில் மோதினா. மச்சாள் அவவிடம் “சொறி” என்று சொல்லிவிட்டு, வட்டத்தை விட்டு வெளியே போய், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தா. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டா. வகுப்பு முடியும்வரை எழும்பவில்லை. முழங்கால் நோகிறது போல என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன், அதுதான் கேவலம். வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியையும் நான்தான் இரண்டு பகிடியால் நிரப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் நின்று ஹோர்ன் அடித்தேன். மகள் வெளியே வந்தாள்.

“அம்மா வரேல்லையாம், சித்தப்பா.”

“கால் நோவோ?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

அதற்கடுத்த கிழமையும் அதேதான். மூன்றாம் கிழமை நான் அந்தத் தெருவுக்குள்ளே காரைத் திருப்பவில்லை. இன்னும் கால்மணி நேரம் படுக்கலாம் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

விஷயத்தை உடைத்தவள் என் மனைவி. ஒருநாள் பின்னேரம் நான் ஷிப்டுக்கு வெளிக்கிட, அவள் அடுப்படியில் நின்று புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

“வகுப்பிலை என்னப்பா சொன்னனீங்கள்?”

“எப்ப?”

“மச்சாள் கடைசியா வந்த அண்டைக்கு.”

“ஒண்டும் சொல்லேல்லை. ஒரு பகிடி.”

“என்ன பகிடி?”

சொன்னேன். கடைக்கார அண்ணைக்குச் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லத் தொடங்கி, பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. நடுவில் கிடத்த ஆள் இல்லை என்ற இடம் வந்தபோது அது என் காதுக்கே கேட்டது. முதல் தடவையாகக் கேட்டது.

மனைவி அடுப்பை நிறுத்தினாள்.

“பிள்ளைக்கு ஒண்டும் செய்யமாட்டன், அவன் இருக்கிறான் எண்டு அவ இவ்வளவு காலமும் ஒற்றைக் காலிலை நிக்கிறா. நீங்கள் அவவை இடமாச் சுத்த வைச்சிட்டியள்.”

“நான் வேணுமெண்டே செய்தனான்?”

“வேணுமெண்டு செய்திருந்தால் மன்னிப்புக் கேக்கலாம். இதுக்கு என்னத்தைக் கேப்பியள்?”

அன்றிரவு பெற்றோல் ஸ்டேஷனில் நான் சொக்லேற் தின்னவில்லை. அதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள்.

மார்கழியில் மச்சாள் குளியலறையில் வழுக்கி விழுந்தா. எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடுப்பிலிருந்து துடை வரைக்கும் கன்றிப்போனது. மகள் போன் எடுத்துச் சொன்னபோது எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தக் கால்களை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், நான்தான் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்து போனேன். காரில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பழகினேன். மச்சாள் முன்னறையில், ஊன்றி நடக்க ஒரு பொல்லோடு இருந்தா. ரீவிக்கு மேலே படங்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கதிரையில் இருந்து, வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“என்ன மச்சாள், பொல்லும் கையுமாய் இருக்கிறியள். பழனியிலை இடம் காலியோ?”

சொன்ன அடுத்த கணம் அந்தக் கம்பளத்தின் கீழே போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது. உதட்டு மூலை அசையவில்லை.

“தேத்தண்ணி குடிப்பீரோ?”

“ஓம்.”

குடித்தேன். கோப்பையைக் கழுவிக்கூட வைத்தேன். வந்த வேலையைச் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன். பகிடிக்காரன் என்று பெயர் எடுத்த ஒருவனுக்கு இப்படி ஒரு தண்டனை உண்டு. அழ வேண்டிய இடத்திலும் வாய் பழைய வேலையைத்தான் செய்யும்.

மாரி முழுக்க வட்டத்தில் நடந்தேன், இடப்பக்கமாக. நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்க்காமல் நடக்க முயன்றதில் இரண்டு தடவை சுவரில் முட்டினேன். பகிடியும் வரவில்லை. “என்ன, உமக்குச் சுகமில்லையோ?” என்று கடைக்கார அண்ணை கேட்டார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை நேரத்தோடு போய், ஆசிரியை கதிரைகளை ஓரமாக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கதிரையைத் தூக்கியபடி மெல்லத் தொடங்கினேன். இந்த நடையை மற்றப் பக்கமாகவும் நடக்கலாமா என்று கேட்டேன். பலகைத் தரை ஒரு பக்கம் தேய்கிறது என்று ஒரு காரணமும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நர்ஸுக்குப் பொய் சொல்லுவது கஷ்டம், நாள் முழுக்க நோயாளிகளிடம் அதைத்தானே கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் செத்தவீட்டை, மச்சாளின் மகனை, என் பகிடியை. ஆங்கிலத்தில் சொல்லும்போது அது பகிடியாகவே இருக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு தாய்க்குச் சொன்ன வெறும் வசனமாக இருந்தது.

“ஐயோ” என்றார் அவர், மிக மெதுவாக. பிறகு கேட்டார்: “அந்த நடை நானாகச் சேர்த்துக்கொண்டது, எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றுதான். இதைக் கேட்க உனக்கு ஒரு மாரிகாலம் தேவைப்பட்டதா?”

அன்றைக்கே வட்டத்தைத் திருப்பினார். பழகிப்போன கால்கள் கேட்குமா? பாதிப் பேர் அப்படியும் பாதிப் பேர் இப்படியும் திரும்ப, கடைக்கார அண்ணையும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் நெஞ்சோடு நெஞ்சு மோதி, இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு அருமையான ஒரு பகிடி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். மாத்திரையைவிடக் கசந்தது.

வகுப்பு முடிந்ததும் நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கதிரையில் இருக்கவில்லை. இருந்தால் பகிடி வந்துவிடும் என்று பயம்.

“மச்சாள், வகுப்பிலை இனி வலமாத்தான் நடை. மாத்தியாச்சு.”

“ஆர் மாத்தினது?”

“நான் கேட்டனான்.”

“ஏன் கேட்டனீர்?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் அங்கே போயிருந்தேன். பதிலும் கையில் இருந்தது. வாழ்நாளில் ஒருநாளும் மூடாத வாய், தேவையான நேரம் பார்த்து மூடிக்கொண்டது. மச்சாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. வீட்டுப்பாடம் செய்யாத பொடியனை வகுப்பில் நிற்க வைத்துப் பார்ப்பதுபோல.

“வாற சனி காலமை பத்துக்கு வாரும். ஹோர்ன் அடியாதையும், பக்கத்து வீட்டிலை குழந்தை.”

வந்தா. திரும்பவும் கதிரையின் முதுகைப் பிடித்தபடி, முதலிலிருந்து. மற்றவர்கள் கொக்குச் சிறகை விரிக்க, அவ கதிரையோடு நின்று வெறுங்காலை மட்டும் மெல்ல எடுத்துவைத்தா. முன்னைப்போலக் கெதியாக வரவில்லை. உடம்பு ஒருமுறை பழகியதை நம்பித்தான் நிற்கிறது. ஒருமுறை விழுந்தால் அந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்ட இரண்டு மடங்கு காலம் வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் நான் என்னிடம்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வட்டமாக நடக்கும்போது மச்சாளுக்குப் பின்னால் நான் நடப்பேன், விழுந்தால் பிடிக்க. அவ விழவில்லை. நான் பகிடி சொல்லவில்லை. கடைக்கார அண்ணை வேறொரு வகுப்புக்கு மாறிவிட்டார்.

அடுத்த கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை மச்சாள் ஆர்ச்வே போக வெளிக்கிட்டா. தனியாகத்தான் போவேன் என்றா. மகள் கெஞ்சி, மருமகன் கெஞ்சி, கடைசியில் நான் பக்கத்தில் வரலாம் என்று விட்டா, கையை நீட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில், பிறகு நோர்தர்ன் லைன். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மச்சாள் ஒருமுறை அந்த மேட்டை அண்ணாந்து பார்த்தா. பிறகு நிறைகால், வெறுங்கால், நிறைகால், வெறுங்கால் என்று ஏறத் தொடங்கினா. அவசரமில்லை, நிற்பதும் இல்லை. சேலைக் கரை மட்டும் அசைந்தது.

எனக்குப் பாதி மேட்டிலேயே நெஞ்சு அடித்தது. இரவு ஷிப்டும் சொக்லேற்றும் தங்கள் கணக்கைக் கேட்டன. இடைவெளி கூடக் கூட, ஏதோ ஒன்று என்னை உந்தியது. அவவின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துச் சொல்லுவது லேசாக இருக்கும் என்று நினைத்தேனோ தெரியாது. மூச்சு வாங்க வாங்க எட்டி நடந்து, கிட்டப் போனேன்.

“மச்சாள்… அண்டைக்கு வகுப்பிலை… நான் சொன்ன அந்தக் கதை… அது நான்…”

மச்சாள் திரும்பவில்லை. நடையும் குறையவில்லை.

“கதையாமல் ஏறும்.”